கூட வந்தவர்

கதை எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். எனக்கு மருத்துவம் தெரியாது; மற்றவற்றைப் பற்றி உறுதியாகப் பேசும் தகுதியும் இல்லை. எங்கள் தெருவில் வசிக்கும் ரமா என்னும் அம்மையார் சொன்னதை, அவருடைய இசைவுடன் எழுதியிருக்கிறேன். என்னினும் மூத்தவரான அவரைக் கதைக்குள் ‘அவள்’ என்று குறிப்பதற்குத் தனியே மன்னிப்புக் கோருகிறேன். ‘அவர்’ என்றுதான் முதலில் எழுதிப் பார்த்தேன். அச்சம் மரியாதையாக எட்டி நின்றுவிட்டது.

*

அறைக்குள் ரமா நுழைந்ததும் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. மேற்குத் தாம்பரத்தில், ரயில்வே கேட்டைத் தாண்டி முடிச்சூர் செல்லும் சாலையில், யாரோ குடியிருந்த மாடி வீட்டைச் சிறுகச் சிறுக மாற்றி அமைத்த ஒரு தனியார் மருத்துவமனையின் மேல்தளத்து அறை அது. வெளியே அடைமழை. பினாயிலின் வாடையும், நனைந்த குடைத்துணியின் வாடையும், எங்கோ ஓர் அறையில் ஆறிப்போன ரசத்தை ஸ்டவ்வில் சுட வைக்கும் வாடையும் மாடிப்படியில் கலந்து நின்றன. இரண்டு கட்டில்களில் ஒன்று காலியாக, மெத்தை சுருட்டப்பட்டு, அதன் இரும்புப் பட்டைகள் தெரியக் கிடந்தது. மற்றொன்றில் அம்மா படுத்திருந்தார். ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய கையை மெல்ல உயர்த்தி, தோளிலிருந்து நழுவியிருந்த நூல் புடவையைக் கழுத்துவரை இழுத்து, அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு பார்த்தார். ரமாவின் முகத்தை அல்ல. அவளுடைய இடது தோளுக்குச் சற்று மேலே.

குளிர்கிறதா என்று ரமா கேட்டாள். பழக்கமில்லாதவர்கள் வீட்டுக்கு வந்தால் சிரிப்பாரே, உதட்டோடு நின்றுவிடும் ஒரு சிரிப்பு, அம்மா அதைச் சிரித்தார்.

கங்கையம்மாளுக்கு எழுபது கடந்திருந்தது. சில ஆண்டுகளாகவே நினைவு தப்பிக்கொண்டிருந்தது. ஏற்றிய விளக்கை மறுபடி ஏற்றுவார். மகனைத் தம் தம்பியின் பெயரால் அழைப்பார். முடிச்சூரில் விளைநிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றபிறகு, தம் வீட்டுக்கு வழி எது என்பதே அவருக்குக் குழம்பிப்போயிற்று. அப்பா அரிகிருஷ்ணன்தான் அவருக்கு நினைவாக இருந்தார். யாராவது வந்தால் பக்கத்தில் நின்று, “நம்ம அனகாபுத்தூர் சம்பந்தி” என்று காதில் போடுவார்; அம்மா உடனே அவர்களை நலம் விசாரிப்பார். அப்படி இருந்த அம்மா துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதன்பின் மாலை வேளைகள் வேறாகிவிட்டன. பகலில் தெளிவாகப் பேசுகிறவர், பொழுது சாய்ந்ததும் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், கையில் செருகிய மருந்துக் குழாயைப் பிடுங்குவார், மகளிடமே “யாரும்மா நீ” என்பார். டாக்டர் ஸ்ரீரங்கன் இதைப் பொறுமையாக விளக்கினார். ஏற்கெனவே மறதி உள்ள மூளை, இடம் மாறி, வலியும் மருந்தும் சேரும்போது ஜன்னி கண்டதைப்போல் தடுமாறும். வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதுவரை அதிர்ச்சி எதுவும் கூடாது என்றார்.

முந்தானை இழுக்கப்பட்ட அந்த நாளின் காலையில்தான் அப்பா இறந்திருந்தார். மருத்துவமனைக்குப் புறப்படச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், நாற்காலியில் உட்கார்ந்தார், எழவில்லை. மழை விட்ட இடைவெளியில், பிற்பகலிலேயே எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் தயாளன்தான் முடிவு செய்தது. மழித்த தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, கொல்லையில் ரமாவைத் தனியே அழைத்துப் பேசினான்.

“அம்மாவுக்குத் தெரியக் கூடாது. வீட்டுக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம். இந்தத் தலையோட நான் அங்க வர முடியாது. நீதான் போகணும் ரமா. இன்னிக்கே போகணும்.”

மாலையில் தம்மவர் ஒருவர் முகத்தையாவது பார்க்காவிட்டால் அம்மா குழாயைப் பிடுங்கிவிடுவார் என்பது இருவருக்கும் தெரியும். சாவு வீட்டிலிருந்து புறப்படுகிறவர் தலைமுழுகாமல் வேறொரு வாசலை மிதிக்கக் கூடாது என்பதும் தெரியும். அதுவும் நோயாளி படுத்திருக்கும் வாசலை. ஆனால் மாலையில் தலை நனைந்து போய் நின்றால், இந்த நேரத்தில் ஏன் தலைக்குக் குளித்தாய் என்று அம்மா கேட்பார். மறந்தவர்தான்; அந்தக் கேள்வியை மறந்தவர் அல்லர். எனவே ரமா கொல்லைக் குழாயில் முகத்தை மட்டும் கழுவினாள். அழுது வீங்கிய இமைகளுக்கு மை தீட்டினாள். இலைப்பச்சைப் புடவையைக் கட்டி, பொட்டு வைத்து, உறவினர்கள் பார்த்திருக்க, அவர்களைக் கடந்து தெருவில் இறங்கினாள். பேருந்து நிலையத்தில் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்குச் சளி பிடித்திருக்கிறது, மழையில் அலைய வேண்டாமென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா தலையாட்டினார். கண்கள் தோளுக்கு மேலேயே இருந்தன.

“நிக்க வச்சே பேசினுகீறியே, குந்தச் சொல்லும்மா” என்றார்.

பின்னால் வார்டு பணியாள் யாரோ நிற்கிறார் என்று எண்ணி ரமா திரும்பினாள். கதவு. கதவுக்கு அப்பால் மழைநீர் சொட்டும் நடைகூடம்.

*

அடுத்த மாலையும் முந்தானை இழுக்கப்பட்டது. அதற்கடுத்த மாலையும்.

பகல் முழுவதும் அம்மாவின் அருகில் இருந்தவர் செல்லியம்மாள்; அப்பாவின் தங்கை. பல ஆண்டுகளுக்கு முன்பே கணவரை இழந்தவர் என்பதால், அவருடைய வெள்ளைப் புடவையில் அம்மாவுக்குப் புதிய செய்தி எதுவும் இல்லை. ரமா வந்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அண்ணன் இறந்ததை அண்ணியிடம் மறைப்பது அவருக்கு ஒப்பவில்லை. காரியத்துக்கு முன்பாவது சொல்லித்தான் ஆக வேண்டும், கட்டியவளிடமே திருட்டுத்தனம் செய்து ஒருவரை வழியனுப்ப முடியாது என்று தயாளனிடம் வாதாடியிருந்தார். ரமா அதை மறக்கவில்லை.

ஒரு மாலை அம்மா சொன்னார்: “வேட்டி புதுசா கீது. ஆனா சொட்டச் சொட்ட நனைஞ்சி கீது. ஒரு துண்டு குடேன்.”

ரமாவின் கையிலிருந்த டம்ளர் நின்றது. கிணற்றடியில் அப்பாவைக் குளிப்பாட்டி, அந்த ஈரம் காயுமுன் கோடி வேட்டியைச் சுற்றியதை அவள் கூடத்துத் தூணருகிலிருந்து பார்த்திருந்தாள். வேட்டி நனைந்து தொடையோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்திருந்தாள்.

யார் சொல்லியிருப்பார்கள்?

இன்னொரு மாலை: “பாவம், நடக்க முடியல. கால் கட்ட விரல ரெண்டையும் சேத்துக் கட்டி வச்சிட்டாங்களே. குட்டி குட்டியா அடி வச்சி வர்றாரு பாரு.”

வயதான பெண்மணி, எத்தனையோ சாவுகளைக் கண்டவர், நோயில் ஏதோ ஒன்றோடு ஏதோ ஒன்று கலந்து வருகிறது. இப்படித் தன்னைத் தேற்றிக்கொள்ள ரமா முயன்றாள். ஆனால் அம்மாவின் குரலில் துயரம் இல்லை. தெரிந்துவிட்ட ஒன்றைத் தெரியாததுபோல் காட்டி, எதிராளியின் முகம் என்ன ஆகிறது என்று பார்க்கிறவரின் குரலாக அது இருந்தது. அம்மா தன்னைச் சோதிக்கிறார் என்று ரமாவுக்குத் தோன்றியது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். அத்தைதான்.

மறுநாள் படிக்கட்டின் அடியில், வருகிறவர்கள் காத்திருக்கும் பெஞ்சருகே, அத்தையை நிறுத்தி அவள் கேட்டாள். தணிந்த குரலில், மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள். செல்லியம்மாள் பையைக் கீழே வைத்தார்.

“இன்னாடி பேசற. என் பொறந்தவன் போனதுக்கு நான் வாயத் தொறந்து அழக்கூட இல்ல. காலையில இருந்து பொழுது சாயற வரிக்கும் பல்லக் கடிச்சிக்கினு அவ பக்கத்துல குந்திக்கினு கீறேன். சொல்றவளா இருந்தா மொத நாளே சொல்லிட்டுப் போயிருப்பேன், உன்னக் கேட்டா சொல்லுவேன்?”

“அப்ப அம்மாவுக்கு எப்படித் தெரியுது அத்தை? வேட்டி, கால்கட்டு, எல்லாம்?”

“அத என்னக் கேக்காத. சாவு வூட்டுல இருந்து தல முழுவாம, பூ வச்சிக்கினு சிங்காரிச்சிக்கினு இந்த வாசப்படி ஏறினவ நீ. ஊரே பாத்துச்சி. உன் கூட இன்னா ஏறிச்சோ, யாரு கண்டா.”

இனி வர வேண்டாம் என்று ரமா சொன்னாள். அத்தை பையை எடுத்துக்கொண்டு, மழையில் குடை விரிக்காமலேயே போனார். அதன்பின் அவர் ரமாவிடம் பேசியதே இல்லை.

பகலிலும் ரமாவே இருக்க வேண்டியதாயிற்று. பகல் அம்மா வேறொருவர். இட்லியைத் தானே பிட்டு உண்டார். விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் தலைக்குமேல் இரைந்து போனால் சன்னலைப் பார்த்துச் சிரித்தார். “உங்கப்பாவுக்குச் சளி தேவலையா? மொளவு ரசம் வச்சிக் குடு” என்றார். அந்தக் கண்களில் சூது எதுவும் இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது, பகலில் தெரியாது. அப்படியானால் சொல்லப்படுவது மாலையில்தான். ரமா எதையாவது வாங்க வெளியே போய், பொழுது சாயும் வேளையில் அவள் திரும்பி வருவதற்குள்.

அந்த நேரத்தில் பணிக்கு வருபவர் நர்ஸ் அருள்மேரி. தாம்பரம் சானடோரியம் பக்கத்திலிருந்து வரும், மெல்லிய குரலுடைய இளம்பெண். அவர் மருந்துத் தட்டை வைத்துவிட்டு அம்மாவின் காதருகே குனிந்து பேசுவதை ரமா கவனிக்கலானாள். வயதான நோயாளியிடம் எவரும் குனிந்துதான் பேசுவார்கள். ஆயினும் கவனித்தாள். கதவின் மறைவில் நின்று கேட்டாள். மாத்திரையை விழுங்குங்க ஆயா. அவ்வளவே. வேறு என்ன சொல்லியிருப்பாரோ தான் வருமுன்? தயாளன் தொலைபேசியில் உளறியிருப்பானோ? டாக்டரே, சோதித்துப் பார்க்க? மனம் ஒவ்வொருவர் முகமாக எடுத்து வைத்துப் பார்த்தது. எந்த முகமும் நம்பத்தக்கதாக இல்லை.

நடைகூடத்துத் தரை சிவப்பு சிமெண்டால் ஆனது. ஒரு மாலை, பால் வாங்கித் திரும்பி வந்து, அறை வாசலில் குடையை மடக்கும்போது அவள் தற்செயலாகக் கீழே பார்த்தாள். படியிலிருந்து அறைவரை அவளுடைய செருப்பின் ஈரத்தடம், ஒன்றுவிட்டு ஒன்றாக, வேகமான நடையில் வந்திருந்தது. அதற்குச் சற்றுப் பின்னால் வெறுங்கால் தடம். இரு பாதங்களும் ஒன்றையொன்று தொட்டபடி, நெருக்கமாக, ஒரு சாண் முன்னே, மறுபடி ஒரு சாண் முன்னே.

மழைக்காலம். எத்தனையோ பேர் வெறுங்காலுடன் வருகிறார்கள்.

அந்தத் தடம் அறை வாசலைக் கடந்து மேலே போகவில்லை. திரும்பியும் போகவில்லை.

அன்றிலிருந்து, அது அப்பாதான் என்று அவள் ஒருவாறு ஏற்றுக்கொண்டாள். அதைச் சொல்ல வெட்கப்பட்டாள், பட்டப்படிப்புப் படித்தவள். ஆனால் அந்த எண்ணத்தில் ஒரு சிறு ஆறுதலும் இருந்தது. அம்மாவைப் பார்க்காமல் போக மனமில்லாமல் நிற்கிறார். நிற்கட்டும். வாழ்நாளெல்லாம் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக் கொடுத்தவர்தானே. தன் தோளுக்குப் பின்னால் ஏதோ ஒரு குளிர்ச்சி, ஈரத்துணியின் வாடை, சாமந்தியின் கசந்த மணம், இவற்றை உணரும்போதெல்லாம் அப்பா, அப்பா என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள்.

திரும்பிப் பார்க்கத்தான் துணிவு வரவில்லை.

*

வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். இன்னும் ஒரே ஓர் இரவு. அதைக் கடந்துவிட்டால், அம்மாவைத் தம் கட்டிலில், தம் சுவர்களுக்கு நடுவில் படுக்கவைத்து, பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அன்று மாலை மழை வலுத்து, மின்சாரம் நின்றுபோயிற்று. கேட்டருகே நின்றுவிட்ட மின்ரயிலின் ஊதல் நீளமாக ஒலித்து அடங்கியது. அருள்மேரி மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி, சொட்டவிட்ட மெழுகில் அதைக் கட்டிலருகே இருந்த மேசைமேல் நிறுத்தினார். அம்மா பகல் தூக்கத்திலிருந்து விழித்து, தலையை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டிருந்தார்.

“அவரு எங்க? அவரு எங்கடி? ஏன் வரல?”

“வருவாரும்மா.”

“பொய்.”

ஊசி குத்திய கையை மற்ற கையால் பற்றினார். அருள்மேரி அதை மெல்ல விலக்கிப் பிடித்துக்கொண்டு, ரமாவிடம் பணிவாகச் சொன்னார்: “அக்கா, ஆயா கண்ணாடி போடுவாங்கதானே? ஆபரேஷனுக்குக் கழட்டி டிராயர்ல வச்சது அப்படியே இருக்கு. கண்ணு தெரியாததும் ஒரு பயம்தான் இவங்களுக்கு. ஆள் அடையாளம் தெரிஞ்சா அடங்கிடுவாங்க. போட்டு விடுங்களேன், நான் ஊசி மருந்து எடுத்துட்டு வந்திடறேன்.”

அவர் டார்ச்சுடன் போய்விட்டார். ரமா இழுப்பறையைத் திறந்து, தடித்த சட்டமுடைய கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, அம்மாவின் காதுகளில் மாட்டினாள். எத்தனை எளிய செயல். இதை ஏன் முன்பே ஒருவரும் நினைக்கவில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அம்மா கண்களைச் சிமிட்டினார். தலை உருளுவது நின்றது. மெழுகுவத்தியைப் பார்த்தார், காலிக் கட்டிலைப் பார்த்தார், ரமாவைப் பார்த்தார். முதன்முறையாக, மாலையில், நேராக அவள் முகத்தை.

“ரமா.”

“அம்மா.”

“உங்கப்பா எங்க?”

தெளிவான குரல். இந்தக் குரலுக்குச் சளி, மழை என்றெல்லாம் சொல்ல முடியாது. கை மறுபடி குழாயை நோக்கிப் போயிற்று. ரமா அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரே இரவு. ஒரே ஒரு பொய் போதும். அம்மாவே இத்தனை நாள் கண்டதைத்தானே அவருக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம்.

“இதோ நிக்கிறாரேம்மா” என்றாள். “என் பின்னாடி. தினமும் வந்து நிக்கிறாரே, நீதானே பாத்துக்கினே இருக்க.”

அம்மா தோளுக்கு மேலே பார்த்தார்.

நெடுநேரம் பார்த்தார். பிறகு, பிடித்திருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, முந்தானையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இவரா உங்கப்பா?” என்றார். “இவரு யாரோ, எனக்குத் தெரியாது. உங்கப்பா எதிர்ல நான் எதுக்குடி மார மூடிக்கினு கெடக்கப் போறேன்?”

மழை. ஓட்டில் விழும் மழை.

“உன் கூட வந்தவருன்னு நெனச்சேன். உன் ஆபீஸ் மனுசன்னு நெனச்சேன். தெனம் உன் பின்னாடியேதான வர்றாரு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். வந்தவர் காதில் விழக் கூடாதென்பதுபோல. “செத்துப்போன உங்கப்பாவ எதுக்குடி நிக்கிறாருன்ற என் கிட்ட?”

“யாரு... யாரும்மா சொன்னது உனக்கு?”

“இவருதான். மொத நாளே சொல்லிட்டாரு. நான்தான் பகல்ல மறந்துடறேன். பொழுது சாஞ்சதும் மறுபடி சொல்றாரு. மறுபடி மறுபடி சொல்றாரு. தெனமும் எனக்குப் புதுசா தாலி அறுக்கறாரு.”

அம்மாவின் கன்னத்தில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“ஏன் என் கிட்ட வந்து சொல்றீங்கன்னு கேட்டேன். உன் பொண்ணுதான் கூப்ட்டான்றாரு. அவரப் பாத்து நீ சிரிச்சியாமே.”

சிரித்தாளா?

சிரித்தாள்.

அத்தைக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியாது. எவருக்கும் தெரியாது. அவளே அதை மனத்தின் அடியில் அழுத்தி வைத்திருந்தாள். முதல் நாள் மாலை, பேருந்து நிலையத்தருகே, பூவைத் தலையில் செருகிக்கொண்டு, ஒரு வளையல் கடையின் கண்ணாடி முன் நின்று அவள் சிரிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் காட்டுவதற்காக. ஒருமுறை சிரித்துப் பார்த்தாள், உதடு கோணியது. மறுமுறை சரியாக வந்தது. அதைக் கலையாமல் முகத்தில் நிறுத்திக்கொண்டு திரும்பினாள். அப்போதுதான் மேளமும் வெடியுமாக இன்னொரு வீட்டுச் சாவு தெருமுனையில் திரும்பிற்று. பூப்பல்லக்கில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். தாடையைச் சேர்த்து உச்சியில் முடிந்த வெள்ளைத் துணி. மாலைகளுக்கு நடுவில் முகம் அவளுக்கு நேராக. சிரிப்பு அவள் முகத்திலேயே இருந்தது, எடுக்க முடியவில்லை. சுமப்பவர்களின் நடைக்கேற்ப அந்தத் தலை முன்னே ஒருமுறை அசைந்தது. தெரிந்தவர்களுக்கு நாம் தலையசைப்போமே, அப்படி.

மெழுகுவத்திச் சுடர் சாய்ந்தது. சன்னல் சாத்தியிருந்தது.

சாமந்தி மணம்.

ஈரத்துணி.

“அம்மா, கண்ண மூடிக்கோ” என்றாள் ரமா.

அம்மா மூடவில்லை. தோளுக்கு மேலே இருந்த பார்வை மெல்லத் தாழ்ந்தது. தோளுக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. நெருங்கி வரும் ஒன்றைத் தொடரும் பார்வை.

ரமா திரும்பவில்லை. திரும்பத் தேவைப்படவில்லை. துடைத்து மாட்டிய கண்ணாடி பளிச்சென்றிருந்தது. இரு வில்லைகளிலும் சுடர் தெரிந்தது. சுடருக்கு இப்பால் அவளுடைய முகம், சிறிதாக, இரண்டாக.

அதன் பக்கத்தில் இன்னொரு முகம்.

கன்னத்தோடு கன்னம் படும் அளவுக்கு.

வெள்ளைத் துணி உச்சியில் முடிச்சவிழ்ந்து தொங்கிற்று. தாடை இறங்கியிருந்தது. மெதுவாக ஏறியது. உதடுகள் இருபுறமும் இழுபட்டன. கோணின. மறுபடி முயன்றன.

மறுமுறை சரியாக வந்தது.

*

இழந்தவற்றை மட்டும் எழுதி, என் சிறுமுயற்சியை முடித்துக்கொள்கிறேன்.

அரிகிருஷ்ணன் அவர்கள். கங்கையம்மாள் அவர்கள், அன்றிரவு பொழுது விடிவதற்குள், அதே கட்டிலில். அத்தையின் உறவு. அண்ணனின் உறவு, தாயிடம் ரமாதான் சொல்லிவிட்டார் என்று அவர் இன்றும் நம்புகிறார். முடிச்சூர் வீடு. மாலையில் வெளியே செல்லும் வழக்கம். பூ. சிரிப்பு.

மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களை முகம் பார்த்துப் பேசுவதையும் ரமா அம்மையார் விட்டுவிட்டார். இதை எனக்குச் சொல்லத் தொடங்குமுன், என்னுடையதைக் கழற்றிக் கவிழ்த்து வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டார். வைத்துவிட்டுத்தான் கேட்டேன்.